பெயின்ட் பக்கெட்டும் பதினோரு முட்டையும்

என் பிரியமான எஸ்தர்,

அங்கே போயும் கோழி நினைப்பாகத்தான் இருப்பாய், எனக்குத் தெரியாதா? அதனால் நலம் விசாரிக்காமல் நேராக விஷயத்துக்கு வருகிறேன். உன் கோழிகள் மறுபடி முட்டை வைக்கின்றன!

நடுவில் நிறுத்தியிருந்தன. நீ போன துக்கத்தில்தான் நிறுத்திவிட்டன என்று நம் மலையூர் கொட்டச்சேடு முழுக்கச் சொல்லித் திரிந்தேன். துக்கமும் இல்லை, ஒன்றும் இல்லை. எல்லாம் என் கைவரிசை.

மூடுபனி பட்டுவிடுமே என்று, காப்பிக்கொட்டையைப் பொத்திவைப்பது மாதிரி தீவன டிரம்மைப் பாலித்தீன் தாளால் இறுக்கிக் கட்டினேன். ஆனால் தினமும் விடிகாலையில், பனி இறங்குகிற நேரமாகப் பார்த்துத் திறந்தேன். உள்ளே போன ஈரம் வெளியே வர வழியில்லை. மக்காச்சோளமும் தவிடும் பூசணம் பிடித்து, அதைத் தின்ற இரண்டு கோழிகள் செத்தே போயின. உன்னை அடக்கம் பண்ணின அன்றைக்குக்கூட நான் அப்படி அழவில்லை, எஸ்தர்.

என் அண்ணன், அதுதான் உன் வீட்டுக்காரர், கூண்டுப் பக்கமே வரமாட்டார். அன்றைக்கு வந்தார். "அறுப்புப் பண்டிகைக்குள்ள இதுக முட்டை வெக்கலைன்னா அடிவாரத்து யாவாரிக்கே குடுத்தறலாம் கண்ணு. பாக்கப் பாக்க மனசு கேக்க மாட்டேங்குது" என்றார்.

பண்டிகைக்குச் சர்ச்சில் வைக்கிற முதல் முட்டைக்கூடை உன்னுடையதுதானே, வருஷா வருஷம்? இந்த வருஷம் அந்த இடம் காலியாக இருப்பதா? விட்டுவிடுவேனா நான்!

கெட்ட தீவனத்தைக் குழி தோண்டிப் புதைத்தேன். டிரம்மைக் கழுவி வெயிலில் காயப்போட்டு, சுவரில் ஒட்டாமல் செங்கல் மேல் தூக்கி வைத்தேன். இப்போதெல்லாம் பத்து நாள் தீவனம்தான் வாங்குகிறேன், வெயில் வந்த பிறகுதான் மூடியைத் திறக்கிறேன். குளியலறை வேலையில் மிஞ்சிய பைப்புக்கு அடியில் ஒரு வளைவு மாட்டி, கோழி முதுகு உயரத்துக்குக் கம்பிவலையில் கட்டினேன். மேலே கொட்டினால் கீழே கொஞ்சம் கொஞ்சமாக வரும். காலால் கிளறி இறைக்கிற உன் சிவப்புக்காரிக்கு இப்போது என்னைக் கண்டாலே ஆகாது.

தண்ணீருக்குப் பெயின்ட் பக்கெட். பக்கவாட்டில் ஓட்டை போட்டு, நிரப்பி மூடி, அகலத் தட்டில் கவிழ்த்து வைத்தேன். தட்டு நிரம்பியதும் தானே நிற்கும் என்று பெருமையாக நின்றால், நிற்கவேயில்லை. பக்கெட் முழுதும் கொட்டி, என் செருப்பு மிதந்தது. கோழிகள் படியேறிவிட்டன.

பின்னால் சிரிப்புச் சத்தம். அண்ணன்! நீ போன பிறகு அந்தச் சத்தத்தை நான் கேட்டதே இல்லை. தட்டு விளிம்புக்கு மேலே ஓட்டை போட்டிருக்கிறாயே, தண்ணீர் எப்படி நிற்கும் என்று கேட்டுவிட்டு, அவரே வேறு பக்கெட் எடுத்து விளிம்புக்குக் கீழே வருகிற மாதிரி ஓட்டை போட்டார். தண்ணீர் நின்றது. மனுஷன் தட்டு பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். நம்புவாயா?

மூன்றாம் வாரம் சிவப்புக்காரி ஆரம்பித்தாள். பண்டிகைக்குள் பதினோரு முட்டை. கூடையைக் கொண்டுபோய் ஆல்டருக்கு முன்னால் நீ வைக்கிற இடத்திலேயே வைத்தேன்.

ஆராதனை முடிந்து காணிக்கைகளை ஏலம் விட்டார்கள். மஞ்சக்குட்டை ஊர்க் கடைக்காரர் முட்டைக்குக் கேட்டார். கடைசி பெஞ்சிலிருந்து யாரோ கூட்டிக் கேட்டார்கள். இவர் ஏற்ற, அவரும் ஏற்ற, திரும்பிப் பார்த்தால் என் அண்ணன்! ஏலம் விட்டவரே சிரித்துவிட்டார்.

"ஏனுங்க, உங்க ஊட்டு முட்டைய நீங்களே கேக்கறீங்க?"

அண்ணன் எழுந்து நின்றார். "எஸ்தரு கோழி முட்டைங்க. வெளிய உட மாட்டனுங்க."

கடைக்காரர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. உனக்குக் கேட்டதா, எஸ்தர்?

அவிக்கவும் விடவில்லை, பொரிக்கவும் விடவில்லை. பதினொன்றையும் அடைக்கோழிக்கு வைத்துவிட்டார். இன்று காலை ஒன்பது குஞ்சுகள். ஒன்று கறுப்பு, உன்னை மாதிரியே வாய் ஓயாமல் கத்துகிறது. அடிவாரத்து வியாபாரி வந்தபோது அண்ணன் காப்பி மட்டும் கொடுத்து அனுப்பிவிட்டார்.

குஞ்சுகளுக்குப் பெரிய தண்ணீர்த் தட்டு ஆகாது, முழுகிவிடும். ஆழமில்லாத தட்டில் கூழாங்கல் நிரப்பியிருக்கிறேன், அலகு மட்டும் நனையும். ஒன்பதில் ஒன்றைக்கூடத் தவறவிட மாட்டேன். இது சத்தியம்.

இப்படிக்கு,
உன் அன்பு நாத்தனார்
ரூபி