அவளுக்கு வயிறு, எனக்குத் தாடி

மாசி 9, செவ்வாய்

காலையிலேயே வெயில். பென்னாகரம் சந்தை நாள். பஸ்ஸில் மூச்சு விட இடமில்லை. கண்டக்டர் காக்கிக் கோட்டைத் துவைத்துப் போட்டுவிட்டு வெறும் சட்டையோடு ஏறினேன். அதுதான் பிசகு. சந்தை மேட்டில் ஏறிய ஓர் அம்மாளிடம் டிக்கெட்டுக்குக் கை நீட்டினேன். மடியை அவிழ்த்து ஒரு கை ராகியை என் உள்ளங்கையில் போட்டாள்.

"போப்பா. பஸ்ஸுக்குள்ளயுமா வந்து கேக்கறது?"

பஸ் முழுக்கச் சிரிப்பு. டிரைவர் நஞ்சப்பன் சிரிப்பதற்காக வண்டியையே நிறுத்திவிட்டார். பெட்ரோல் பஞ்சத்தில் கரியில் ஓடும் வண்டி. நின்றால் மறுபடி கிளப்புவது லேசில்லை. இறங்கிக் கரி அடுப்புக்குக் காற்றுச் சக்கரம் சுற்றியது யார்? நான்தான். ஒரு கையில் ராகி.

எல்லாம் இந்தத் தாடியால். பாதிப் பேர் யுத்தத்தில் பிளேடு கிடைக்கவில்லை என்று நினைக்கிறார்கள். மீதிப் பேர் பழனிக்கு வேண்டுதல் என்று. மாதம்மா முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்த அன்றே அம்மா சட்டம் போட்டாயிற்று. பெண்டாட்டி வயிற்றில் பிள்ளை இருக்கும்வரை புருஷன்மேல் கத்தி படக்கூடாது, பட்டால் பிள்ளைக்கு ஆகாது. எட்டாவது வரை படித்தவன் இதை நம்புவானா? நம்பவில்லை. சிரைக்கவும் இல்லை.

ராகியைக் குருவிக்குப் போட்டேன்.

மாசி 11, வியாழன்

தருமபுரி ஸ்டாண்டு. முதலாளி வந்திருந்தார். எல்லார் முன்னாலும்:

"ஏய், ஒன்னப் பாத்தா டிக்கெட் வாங்கறவன் திருவோட்டத் தேடறான். செரைச்சிட்டு வா."

"வூட்ல பிரசவம் ஆவட்டுங்க மொதலாளி. ஒரு மாசந்தானுங்க."

"புள்ள பெக்கறது அவளா, நீயா?"

குமாஸ்தா சிரித்தார். நானும் சிரித்தேன். சிரிக்காவிட்டால் இன்னொன்று வரும். எப்படியும் வந்தது: பங்குனி பிறக்கும்போது தாடி இருந்தால் வேலை இல்லை. அதுவரை வண்டிக்குள் உட்காரக்கூடாது, பின்னால் ஏணியில் தொங்கிக்கொண்டு வர வேண்டும்.

ஸ்டாண்டுக்குப் பின்னால் பெட்டியோடு உட்காரும் நாவிதர் முருகேசனுக்கு மட்டும் என் தாடிமேல் பாசம். தினமும் பார்த்து வைக்கிறார், அடுத்தவன் வயல் கதிரைப் பார்ப்பதுபோல. "புள்ள பொறந்த அன்னிக்கு மொதக் கத்தி என்னுதுங்க. வேற எவங்கிட்டயும் போயிறாதீங்க."

மாசி 14, ஞாயிறு

வாரத்தில் ஒரு நாள் வீடு. நல்லம்பள்ளியில் காற்றே இல்லை.

வேண்டியவை: வசம்பு. விளக்கெண்ணெய். தூளிக்குக் கயிறு. பழைய வேட்டி (கிழித்தாயிற்று. மெத்தென்று இருக்கிறது). மண்ணெண்ணெய், ரேஷன்காரன் மனசு வைத்தால். கருப்பு வளையல். பெயர்.

நஞ்சப்பன் ஒரு பழைய ஹாரன் கொடுத்தார். ரப்பர் குமிழ் கிழிந்தது. சைக்கிள் டியூப் துண்டு வைத்து ஒட்டினேன். மாதம்மா வயிற்றுக்குப் பக்கத்தில் வைத்து ஒரு அழுத்து. பாம்! உள்ளேயிருந்து ஓர் உதை. மறுபடி பாம், மறுபடி உதை.

"வழி வுடச் சொல்லுதுங்க" என்றாள். சிரித்துச் சிரித்து மூச்சு வாங்கிப் போய்விட்டது அவளுக்கு. தாடியைப் பிடித்து இழுத்தாள். "எனக்கு வயிறு, உங்களுக்குத் தாடி. எது மொதல்ல எறங்குதுன்னு பாக்கலாம்."

அம்மாவுக்கு அந்தச் சிரிப்புப் பிடிக்கவில்லை. மா.வுக்குத் தாய் இல்லை, அதனால் தலைப்பிரசவமும் இங்கேயே; அந்தக் குறை வேறு. அடுப்படியிலிருந்தே சொன்னாள்:

"ஆறு வருசம் கழிச்சு ஒன்னு உண்டாயிருக்குது. அதையும் தொலைச்சேன்னா ஏரியூருக்கே, ஒங்கப்பன்கிட்டயே ஏத்தி வுட்டுருவேன். வண்டிதான் ஒம்புருசன் வண்டியாச்சே, டிக்கெட்டுகூட வேணாம். திரும்பி வர்றப்ப அதே வண்டில வேற பொண்ணக் கூட்டியாருவேன்."

நான் ஹாரனை அழுத்தினேன். அம்மாவும் சிரிப்பாள் என்று. சிரிக்கவில்லை.

மா.வுக்குத் தடை: குனியாதே, ஓடாதே, உச்சி வெயிலில் குட்டைக்கரைப் புளியமரத்துப் பக்கம் போகாதே. அவளுக்கோ இந்த மாசமெல்லாம் புளி ஆசை.

மாசி 17, புதன்

ஏணியில் ஐந்தாம் நாள். புகை, தூசி, கரி. தாடி கறுப்பா, கரி கறுப்பா, தெரியவில்லை. இண்டூர்ப் பக்கம் ஒரு வாத்தியார் தன் பையனிடம்: "படிக்கலன்னா இப்படித்தான் தொங்கிட்டுப் போகோணும்." பையன் என்னையே பார்த்தான். கும்பிடு போட்டேன்.

வசம்பு வாங்கினேன்.

மாசி 21, ஞாயிறு

அம்மா கோயிலுக்குப் போனபின் மா. சொன்னாள். வெள்ளிக்கிழமை உச்சிப் பொழுதில் குட்டைக்கரைக்குப் போயிருக்கிறாள். துறட்டியைத் தூக்கி எட்டாத கிளையில் புளி இழுத்திருக்கிறாள். கரை சரிந்து குப்புற விழுந்திருக்கிறாள். எழுந்து, மண்ணைத் தட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து, மாவு அரைத்திருக்கிறாள்.

"நேத்துலருந்து அது அசையலீங்க."

ஹாரனை எடுத்து வந்தேன். பாம். ஒன்றுமில்லை. இன்னொரு தடவை. இன்னொரு தடவை. மா. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "தூங்குது" என்றேன். "அப்பன் மாதிரி. பஸ்ஸு குப்புறக் கவுந்தாலும் எந்திரிக்காது."

"ஆஸ்பத்திரிக்குப் போலாமா?"

"அத்தைக்குத் தெரிஞ்சுருமே. எதுக்குன்னு கேப்பாங்களே. வேணாங்க."

சரி என்றேன். சரி என்று சொல்ல எனக்கு எவ்வளவு சுலபமாக வருகிறது! முதலாளியிடமும் சரி, அம்மாவிடமும் சரி, இவளிடமும் சரி.

மாசி 24, புதன்

திங்கள் விடியற்காலை வேலைக்குக் கிளம்பிவிட்டேன். இன்று பகல் தருமபுரியில் வண்டி நின்றதும் நஞ்சப்பன் டீக்கடைக்குப் போனார், டீ குடிக்காமலே திரும்பினார். நல்லம்பள்ளி வழியாக வரும் சேலம் பஸ் டிரைவரிடம் சொல்லியனுப்பியிருக்கிறார்கள்.

"ராத்திரி வலி கண்டுதாம்ப்பா. பொண்ணு. உசுரு இல்ல. மாதம்மா நல்லாருக்குது." குரலைத் தாழ்த்தி, "ஒங்கம்மா அந்தப் புள்ளயப் போட்டு உலுக்கறாங்களாம். எங்க போன, என்ன பண்ணுன, சொல்லுன்னு. குட்டைக்கரைல பாத்ததா எவளோ வந்து சொல்லிட்டாளாம். ஏரியூருக்கு ஆள் வுடறதுக்கு நிக்கறாங்க."

நான் தாடியைத் தடவிக்கொண்டு நின்றேன். பழக்கம். தடவும்போதுதான் தோன்றியது.

முருகேசன் பெட்டிக்கு முன்னால் போய் உட்கார்ந்தேன். அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"வந்துட்டீங்களா! ஆணுங்களா, பொண்ணுங்களா?"

"பொண்ணு."

"மகாலட்சுமிங்க. தாயும் புள்ளயும் சொகந்தானுங்களே?"

"உம்."

கண்ணை மூடிக்கொண்டேன். சோப்பு கண்ணில் பட்டது என்று அவர் நினைத்துக்கொண்டார். முடித்ததும் காசு கொடுத்தேன். வாங்கவில்லை. "மொதப் புள்ளைக்கு வாங்க மாட்டேங்க. கண்ணாடியப் பாருங்க, மாப்பிள்ள மாதிரி இருக்கீங்க."

நஞ்சப்பனிடம் சொன்னேன்: "திங்கக்கிழமையே ஏரியூர்ல செரைச்சுட்டேன்னு சொல்லப் போறேனுங்க. யாரு கேட்டாலும்..."

அவர் ரோட்டுப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "நான் ரோட்டத்தானப்பா பாத்தேன். ஒம் மூஞ்சிய எவன் பாத்தான்."

முதலாளி குறுக்கே வந்தார். முகத்தைப் பார்த்ததும் முதுகில் தட்டினார். "இப்பத்தான் மனுசன். இத முன்னாடியே செஞ்சிருந்தா ஒனக்கு என்ன கொறைஞ்சு போயிருக்கும்?"

சேலம் பஸ்ஸில் உட்கார்ந்தபோதுதான் புத்தி வந்தது. திங்கட்கிழமை சிரைத்தவனுக்குப் புதன்கிழமை முள் முளைத்திருக்க வேண்டுமே! மோவாய் வாழைத்தண்டு மாதிரி இருக்கிறது. பொய் சொல்லக்கூடப் படிப்பு போதவில்லை.

வீட்டு வாசலில் அம்மா. பக்கத்து வீட்டுப் பெண்கள் நாலைந்து பேர். உள்ளே மா. சுவரோரம் படுத்திருந்தாள். அம்மா அவளைப் பார்த்து ஏதோ கத்திக்கொண்டிருந்தவள், என்னைப் பார்த்து நிறுத்தினாள். கிட்டே வந்து மோவாயைத் தொட்டுப் பார்த்தாள்.

"எப்படா?"

"திங்கக்கிழமை. ஏரியூர்ல. மொதலாளி வேலைய வுட்டு எடுத்துருவேன்னாரு."

"திங்கக்கிழமை செரைச்ச மூஞ்சியாடா இது?"

"இன்னிக்கும் ஒரு தடவ செரைச்சேன்."

"ருசி கண்டுட்டானா!" கையில் இருந்த சொம்பு என் தோளில் பட்டு உருண்டது. "நேத்து ராத்திரி வலி, அதுக்கு மொத நாளே கத்தி. அந்த மொதலாளி போடற காசுக்குப் புள்ளயச் செரைச்சுப் போட்டியேடா, பாவி. எவளோ எதையோ சொன்னான்னு இவளப் போட்டு வதைச்சேனே!"

பெண்கள் எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். இத்தனை மாதம் அவர்கள் பார்த்துச் சிரித்த முகம்தான்.

குழந்தையை எங்கே என்று கேட்டேன். காலையிலேயே புதைத்துவிட்டார்களாம். வேட்டித் துணி, நான் கிழித்து வைத்தது, அதில் சுற்றி. "ஒனக்கு எதுக்குடா காட்டணும்?" என்றாள் அம்மா.

மாசி 25, வியாழன்

மேகமூட்டம். மழை இல்லை.

அம்மா என்னோடு பேசவில்லை. சோற்றைத் தட்டில் போட்டுக் காலால் தள்ளினாள். மா.வுக்கு மட்டும் வெந்நீர், பத்தியக் குழம்பு, ஒத்தடம். "பாவம், ஒனக்கு என்ன தெரியும்? நான்தான் ஒரு கழுதயப் பெத்து ஒன் தலைல கட்டினேன்." தலையைக் கோதிவிட்டாள். ஆறு வருஷத்தில் முதல் தடவை. ஏரியூருக்கு ஆள் போகவில்லை.

அம்மா தண்ணீருக்குப் போன நேரம் மா. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவள் உதடு வெடித்திருந்தது.

"அப்ப நான் வுழுந்ததுனால இல்லீங்களா?"

"இல்ல."

"நெசமா?"

"கரைல வுழறதுக்கெல்லாம் ஒன்னும் ஆவாது. எத்தன பேரு வுழறாங்க. எல்லாம் என்னாலதான்."

நீளமாக மூச்சு விட்டாள். கண்ணை மூடியதும் தூங்கிப்போனாள். மூன்று நாளாகத் தூங்கவில்லையாம். ஹாரனை எடுத்துப் பரணில் வைத்தேன். எடுக்கும்போது அழுந்திவிட்டது. அவள் எழுந்திருக்கவில்லை.

சாயங்காலம் விழித்தாள். என் முகத்தை வெகு நேரம் பார்த்தாள். தாடி இல்லாத முகம் அவளுக்கு மறந்திருக்கும். தொடப் போகிறாள் என்று நினைத்துக் கொஞ்சம் குனிந்துகூடக் கொடுத்தேன்.

"ஒரு மாசம் பொறுக்க முடியலீங்களா உங்களுக்கு?"

அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

வாய் வரை வந்தது. புதன்கிழமை வரை பொறுத்தேன், மாதம்மா.