டூல் பொக்ஸில் இல்லாத டோர்ச்

மாமா,

டோர்ச்சின் பின்பக்கத்தில் இருக்கும் சின்னப் புள்ளி சிவப்பாக மாறிவிட்டது. பச்சை இருக்கும்வரை வேலை செய்யலாம், சிவப்பு வந்தால் சாமான்களைப் பொறுக்கிக்கொண்டு மலையிலிருந்து இறங்கிவிட வேண்டும் என்பது உங்கள் கணக்கு. அதனால் இன்றைக்கு நீட்டி எழுத முடியாது. கட்டிலுக்கு அடியில் படுத்திருக்கிறேன். டோர்ச்சைக் கட்டிலின் இரும்புக் காலில் காந்தத்தால் ஒட்டவைத்து, வெளிச்சம் வெளியே போகாதபடி கம்பளியைத் தொங்கவிட்டிருக்கிறேன். உள்ளே முழுக்க அந்த ரப்பர் மூடியின் வாடை. கடையில் பெட்டியைப் பிரித்தபோது வந்த அதே வாடை. அதோடு பைப்புக்குப் பூசும் பசையின் வாடையும் இருக்கிறது. அது உங்கள் கையிலிருந்து ஏறியது.

முன்னறையில் அத்தை தூங்குகிறார். அவர் தலைமாட்டில் உங்கள் டூல் பொக்ஸ். விடிந்ததும் அதைத் தூக்கிக்கொண்டு நாங்கள் இருவரும் பதுளைக்குப் போகிறோம், உங்களுடைய டோர்ச் மாதிரியே இன்னொன்று வாங்க. எது நல்லது என்று பார்த்துச் சொல்லவேண்டியது நான். உங்களுடைய டோர்ச் உங்களோடு மண்ணுக்குள் இருக்கிறது என்று அத்தை நம்புகிறார். அது இங்கே, என் முகத்துக்கு முன்னால் எரிந்துகொண்டிருக்கிறது.

இதை வாங்கிய நாள் உங்களுக்கு நினைவிருக்கும். அம்மா குவைத்துக்குப் போய், நான் உங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்த வருஷம். நமுனுகுலயில் பஸ் ஏறியதிலிருந்து டூல் பொக்ஸை மடியிலேயே வைத்திருந்தீர்கள். பசறை தாண்டும்போது கண்டக்டர் கேட்டார், டோர்ச் வாங்கப் போகிறவர் எதற்குப் பெட்டியைச் சுமக்கிறீர்கள் என்று. "பொண்ணு பாக்கப் போறப்ப மாப்பிள்ளையக் கூட்டிட்டுப் போக வேணாமா?" என்றீர்கள். பஸ்ஸே சிரித்தது. நான் வெட்கத்தில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பஜாரில் அந்த முஸ்லிம் நானாவின் கடையில் கண்ணாடி மேசைமேல் டோர்ச்சுகளை வரிசையாக வைத்தார்கள். எல்லாம் சார்ஜ் பண்ணுகிறவை.

"இத எடுங்க அண்ணே. அடிச்சா ஒரு கிலோமீட்டர் போகும்" என்றார் நானா.

"ஒரு கிலோமீட்டருக்கு அங்கிட்டு எனக்கு யாரையும் தெரியாது நானா. என் கை தெரிஞ்சாப் போதும்."

பகலில் எல்லா டோர்ச்சும் ஒரே மாதிரிதான் என்று சொல்லி, கடைக்குப் பின்னால் இருந்த சாமான் அறைக்குள் என்னையும் இழுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினீர்கள். நானா வெளியே நின்று கத்தினார். "அண்ணே, உள்ளுக்கு பல்பு பெட்டி இருக்கு, மிதிச்சிராதீங்க!" அந்த இருட்டில் ஸ்பேனரையும் ஒரு பழைய நட்டையும் நீங்கள் பிடித்துக்கொள்ள, நான் ஒவ்வொரு டோர்ச்சாக அடித்தேன். கிலோமீட்டர் போகும் டோர்ச்சில் நட்டு மட்டும் கண்ணைப் பறித்தது, அதைப் பிடித்திருந்த விரல் தெரியவில்லை. எனக்குப் பிடித்திருந்தது நீல நிறத்தில் மினுக்கி மினுக்கி எரிந்த ஒன்று. "இத வச்சிக்கிட்டு பைப்பு கட்டினா பன்னி கல்யாண வீடுன்னு நெனச்சி வந்துரும்" என்று ஒதுக்கினீர்கள்.

வெளியே வந்து, குடிக்க வைத்திருந்த தண்ணீரில் கையை நனைத்து ஒவ்வொரு சுவிட்சையும் அமுக்கிப் பார்த்தீர்கள். அப்புறம், நானா பார்த்துக்கொண்டிருக்கும்போதே, ஒன்றை இடுப்பு உயரத்திலிருந்து சீமெந்துத் தரையில் போட்டீர்கள்.

"யா அல்லாஹ்! என்ன அண்ணே செய்றீங்க?"

"மலைல நான் வழுக்கி வுழுந்தா நீங்க வந்து புடிப்பீங்களா? இப்பவே வுழுந்து பழகட்டும்."

கடைசியில் இரண்டு மிஞ்சின. ஒன்றின் வெளிச்சம் அறையையே பகலாக்கியது. மற்றது கொஞ்சம் மங்கல், ஆனால் பரவலாக விழுந்தது. உங்களுக்கு முதலாவதில்தான் மனசு. நான் மற்றதைச் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று எனக்கே தெரியாது, உங்களோடு மல்லுக்கு நிற்க ஆசை, அவ்வளவுதான். "சரி, ரெண்டையும் எரிய விட்டுட்டு டீ குடிச்சிட்டு வருவோம். எது தாக்குப் பிடிக்குதோ அது. பந்தயம் ஒரு ரோல்ஸ்" என்றீர்கள். திரும்பி வந்தபோது உங்களுடையது கையில் பிடிக்க முடியாத சூட்டோடு மஞ்சளாகச் சோர்ந்திருந்தது. என்னுடையது போகும்போது எப்படி எரிந்ததோ அப்படியே எரிந்தது. நீங்கள் தோற்றதை நானாவிடம், கண்டக்டரிடம், இறங்கிய பிறகு கடைச்சந்தியில் நின்றவர்களிடம் எல்லாம் சொன்னீர்கள். "எங்க டோர்ச் இன்ஜினியர் இவதான்." அத்தை மட்டும் சொன்னார்: "எனக்குச் சேல எடுக்க இம்புட்டு நேரம் பாத்திருப்பாரா இந்த மனுசன்?"

டூல் பொக்ஸின் மேல்தட்டில் புது டோர்ச் அடங்கவில்லை. டோர்ச்சின் அடியில் காந்தம் இருப்பதை அப்போதுதான் கண்டீர்கள். மூடியின் உள்பக்கம் கொண்டுபோனதும் அது தானாகவே "டக்" என்று ஒட்டியது. அந்தச் சத்தத்துக்காகவே எடுத்து எடுத்து ஒட்டினீர்கள், சின்னப் பிள்ளை மாதிரி. பெட்டியின் அடியில் உங்கள் பழைய நீட்டு டோர்ச் கிடந்தது. தொடையில் இரண்டு தட்டு தட்டினால்தான் அது எரியும், அந்தத் தட்டு உங்களுக்கு மட்டும்தான் கைவரும். "அடிச்சாத்தான் வேல செய்யும், ஒன்ன மாதிரி" என்பீர்கள். அதைத் தூக்கிப் போட மனசில்லாமல், உள்ளே இருந்த பெட்டரிகளைக் கழற்றி ரேடியோவுக்குப் போட்டுவிட்டு, வெறும் கூட்டை மறுபடி பெட்டிக்குள் வைத்தீர்கள்.

மழை பெய்தால் மேலே தொட்டியின் வாயில் சருகு அடைத்துக்கொள்ளும், எங்கள் லயத்து வீடுகளுக்கெல்லாம் பொதுவான பீலிக் குழாயில் தண்ணீர் நின்றுவிடும். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகுமுன் எல்லார் வீட்டிலும் உலை வைக்க வேண்டும் என்று விடியுமுன்பே மலை ஏறுவீர்கள். பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் வெளிச்சம் பிடிக்க நானும் வருவேன். எனக்குப் பூச்சிக்குப் பயம், பன்றிக்குப் பயம், இருட்டுக்குப் பயம், அதனால் என் கண் எப்போதும் டோர்ச்சிலேயே இருக்கும். "வெளிச்சத்தப் பாக்காத புள்ள, என் கையப் பாரு" என்பீர்கள். ராத்திரியில் கக்கூசுக்குப் போகும்போது நீங்கள் பீலியடியில் நின்று, நான் திரும்பி வரும்வரை பாதை முழுக்க வெளிச்சம் அடித்துக்கொண்டு, எனக்குக் கேட்கவேண்டும் என்றே சத்தமாக இருமுவீர்கள்.

நீங்கள் போனது மலையிலும் இல்லை, இருட்டிலும் இல்லை. பட்டப்பகலில், வாசல் இஸ்தோப்பில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கும்போது நெஞ்சைப் பிடித்தீர்கள். ஆஸ்பத்திரிக்கு த்ரீவீலர் பாதி வழி போகுமுன்பே முடிந்துவிட்டது.

உங்களைச் சவப்பெட்டியில் வைக்கும்போது ஒவ்வொருவரும் உங்களுடையதைக் கொண்டுவந்து வைத்தார்கள். வெற்றிலைப் பை, கண்ணாடி, மழைக்குப் போடும் தொப்பி. அழுதுகொண்டிருந்த அத்தை திடீரென்று நிமிர்ந்து, "டோர்ச்ச வைங்க. அவரு இருட்டுல போகக் கூடாது" என்றார். என்னைப் பார்த்து, "ஓடிப்போய் எடுத்துட்டு வா புள்ள" என்றார்.

நான் ஓடினேன். டூல் பொக்ஸின் மூடியைத் திறந்தேன். புது டோர்ச் என் கைக்கு நேரே ஒட்டியிருந்தது. அதை எடுத்தேன், மாமா. எடுத்து, கட்டிலில் விரித்திருந்த கம்பளிக்குள் செருகினேன். பழைய நீட்டு டோர்ச்சை உங்கள் துண்டில் சுற்றிக்கொண்டு போனேன். தூக்கும்போதே அது லேசாக இருந்தது. லயத்துப் பெரியவர் ஒருவர் பிரித்துப் பார்க்காமல் வாங்கி, உங்கள் வலது கைப்பக்கம் வைத்தார். அத்தை அதைத் தடவிவிட்டுத் தலையை ஆட்டினார். சவப்பெட்டியின் மூடி விழுந்தது.

எதற்காக எடுத்தேன் என்று எனக்கு நானே பல மாதிரி சொல்லிப் பார்த்திருக்கிறேன். நல்ல சாமான் மண்ணுக்குள் வீணாகக் கூடாது என்று. நான் தேர்ந்தெடுத்தது, அதனால் எனக்கும் பாதி உரிமை என்று. அதெல்லாம் பிறகு வந்த நினைப்பு. டூல் பொக்ஸைத் திறந்த அந்த நிமிஷத்தில் எனக்குத் தோன்றியது ஒன்றுதான்: இனிமேல் ராத்திரியில் பீலியடியில் யார் நிற்பார்கள்?

ஆனால் அதற்கும் அது உதவவில்லை. அத்தை பார்த்துவிடுவார் என்று வெளியே கொண்டுபோகப் பயம். பக்கத்துக் காம்பரா வீட்டில் யாராவது வெளிச்சத்தைக் கண்டால், பிணத்திடம் திருடினவள் என்று லயமே சொல்லுமே என்று பயம். அத்தை கொழுந்து பறிக்கப் போன பிறகு, கதவைச் சாத்திக்கொண்டு சார்ஜ் போடுகிறேன். ராத்திரியில் கம்பளிக்குள் எரியவிட்டுப் பார்த்துவிட்டு அணைக்கிறேன். சில இரவுகளில் நீங்கள் டோர்ச்சைத் தேடி வருவீர்கள் என்றுகூடப் பயந்திருக்கிறேன். உங்களுக்குப் பயப்படுவேன் என்று நான் நினைத்ததே இல்லை.

இப்போது மலை ஏறுவது அத்தை. அவரையும் என்னையும் விட்டால் பைப் போகும் வழி வேறு யாருக்கும் தெரியாது. நேற்று விடியுமுன் போனபோது போனைப் பல்லில் கடித்து, அதன் வெளிச்சத்தில் பைப்பைப் பூட்டியிருக்கிறார். கல் வழுக்கி, போன் ஓடைக்குள், முழங்கால் பாறையில். இரத்தம் வழிய நொண்டிக்கொண்டு வந்தவரை பீலியடியில் பிடித்து உட்காரவைத்தார்கள். ஒருவர் கேட்டார், "ஏன் அக்கா, வீட்டுல நல்ல டோர்ச் ஒண்ணு இருந்திச்சே?"

"அவருகிட்ட குடுத்தனுப்பிட்டேன்" என்றார் அத்தை. சொன்னபோது முகத்தில் ஒரு பெருமை. என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

ராத்திரி, காலுக்கு மருந்து போட்டபடி என்னிடம் சொன்னார்: "காலைல பதுளைக்குப் போவோம். அதே நானா கடைக்கு. நீதானே பாத்து எடுத்த, அதே மாதிரி ஒண்ணு எடுத்துக் குடு. பெட்டியையும் கொண்டுட்டுப் போவோம், ஒங்க மாமா மாதிரி."

நான் சரி என்றேன். ஆனால் அந்த சாமான் அறை இருட்டுக்குள் அத்தையோடு நின்று, ஸ்பேனர் பிடித்த அவர் கையில் ஒவ்வொரு டோர்ச்சாக அடித்துக் காட்ட என்னால் முடியாது, மாமா. சிவப்புப் புள்ளி இப்போது விட்டு விட்டு எரிகிறது. இதைக் கொண்டுபோய்ப் பெட்டியில் ஒட்டிவிடப் போகிறேன். அத்தை காலையில் திறக்கட்டும். திறந்த பிறகு என்ன ஆனாலும் ஆகட்டும்.

இப்போது குசினியில், அடுப்பு வெளிச்சத்தில் எழுதுகிறேன்.

மெதுவாகத்தான் மூடியைத் தூக்கினேன். ஆனால் அந்தக் காந்தம் மெதுவாக ஒட்டாதே. "டக்."

"யாரு?"

"நான்தான் அத்தை."

"அது என்ன சத்தம்?"

இருட்டில் அவர் கை மூடியைத் தடவிக்கொண்டு வந்து டோர்ச்சைக் கண்டுபிடித்தது. என் முகத்தில் வெளிச்சம் அடித்தது.

"அன்னைக்கு நீ கொண்டாந்தது என்னது?"

"பழசு."

"எதுக்குடி?"

"கக்கூசுக்குப் போகப் பயமா இருந்திச்சி அத்தை."

அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். விழவில்லை. "இத்தன நாளும் எங்க சார்ஜ் போட்ட?" என்று கேட்டார்.

"நீங்க கொழுந்துக்குப் போனப்புறம்."

"கள்ளி." வெளிச்சம் என் முகத்திலேயே நின்றது. அப்புறம், எனக்குச் சொல்கிற மாதிரி இல்லாமல், சொன்னார்: "அந்தப் பழசும் எரியும். ரெண்டு தட்டு தட்டினா எரியும். எனக்குத்தான் தட்டத் தெரியாது. அவரு தட்டிக்குவாரு." சிரித்தாரா அழுதாரா என்று எனக்குத் தெரியவில்லை. கண் கூசியதில் அவர் முகம் தெரியவில்லை.

"தட்டுவாருல்ல புள்ள?"

"தட்டுவாரு அத்தை" என்றேன்.

"சிவப்பு எரியுது பாரு. போய் சார்ஜ்ல போடு. மேல பைப்புல இன்னும் ஒரு மூட்டு பூட்டாமக் கெடக்கு, கொஞ்சத்துல கெளம்பணும். நீ வந்து புடி."

"பதுளைக்கு அத்தை?"

"பதுளைல இனி என்ன வேல?"

டோர்ச் இப்போது பிளக்கில் தொங்குகிறது. தண்ணீர் கொதித்துவிட்டது. அத்தை முழங்காலில் துணி சுற்றிக்கொண்டிருக்கிறார். கிளம்பும் நேரம்.

டோர்ச்சைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன் மாமா. ஆனால் அந்தப் பழைய கூட்டுக்குள் பெட்டரி இல்லை என்று நான் சொல்லவில்லை. அது உங்களுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். அவை ரேடியோவுக்குள் இருக்கின்றன, அத்தை தினமும் அந்த ரேடியோவைக் கேட்கிறார். நீங்கள் இத்தனை நாளில் தட்டிப் பார்த்திருப்பீர்கள். எத்தனை தடவை தட்டினீர்களோ. அதை அத்தையிடம் இறக்கி வைக்க என்னால் முடியாது, அது என்னோடேயே இருக்கட்டும்.

இன்னும் கொஞ்ச நேரத்தில் மேலே அத்தைக்கு வெளிச்சம் பிடித்துக்கொண்டு நிற்பேன். அவர் முகத்தை நான் பார்க்க மாட்டேன். நீங்கள் சொன்ன மாதிரி, கையைப் பார்ப்பேன்.