நர்ஸ் விக்டோரியாவின் கால்கள்

பொன்னேரி,
12.11.1972

என் செல்ல மகள் விக்டோரியாவுக்கு நைனா எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் நானும் அம்மாவும் சுகம். லண்டன் குளிரில் நீ எப்படி இருக்கிறாயோ என்றுதான் உன் அம்மா சாராளுக்கு ஓயாத கவலை.

உன் கடிதமும் போட்டோவும் வந்தன. தபால்காரர் மணியடித்ததுமே தெரு முழுக்க நம் வாசலில். வழக்கம்போல் சத்தமாகப் படித்தேன். நீ எழுதுவதெல்லாம் என்ன? பிளாஸ்திரி, பஞ்சு, பேண்டேஜ், ஸ்பிரிட். கேட்கிறவர்கள் வேறு என்ன நினைப்பார்கள்? "நர்ஸம்மாவுக்கு எத்தினி வேலை பாரு!" என்று நம் தெரு மீன்காரச் செல்லியம்மாள் உச்சுக்கொட்டினாள். மேடை, ஆட்டம் என்று வருகிற இடங்களில் எனக்கு இருமல் வந்துவிடுகிறது. நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை தாயே. எண்ணூர் பங்களாவில் அம்மா ஆயாவாக இருந்தபோது, துரைசானி தன் பிள்ளைகளோடு உன்னையும் நிறுத்தி பாலே டான்ஸ் கற்றுக்கொடுத்தது ஊருக்குத் தெரியாது. படிக்கவைக்க லண்டனுக்குக் கூட்டிப்போனது மட்டும்தான் தெரியும். நம் பெண்கள் படித்தால் நர்ஸ்தான் என்று அவர்களே முடிவு கட்டிவிட்டார்கள்.

போட்டோவில் பாவாடை ரொம்பக் குட்டை. வெட்டலாம் என்று கத்திரி எடுத்தேன், மனசு வரவில்லை. மார்புக்குக் கீழே பின்பக்கமாக மடித்து பிரேம் போட்டுவிட்டேன். தலையில் நீ வைத்திருக்கும் வெள்ளை இறகு நர்ஸ் தொப்பி போலவே இருக்கிறது!

செல்லியம்மாள் மீன்கூடையோடு ஸ்டேஷன் படியில் தவறி விழுந்து கணுக்காலைச் சுளுக்கிக்கொண்டாள். எலும்பு முறியவில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனாலும் நடந்து நடந்து வீக்கம் வற்றவே இல்லை. "உன் பொண்ணாண்ட ஒரு வார்த்தை கேட்டு எழுதுய்யா" என்று தினம் நச்சரிக்கிறாள். ஏதாவது எழுது.

ஜெபத்தோடு,
நைனா ஆசீர்வாதம்

லண்டன்,
28.11.1972

அன்புள்ள நைனாவுக்கும் அம்மாவுக்கும் விக்டோரியாவின் முத்தங்கள்.

நைனா, உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு டிரஸ்ஸிங் ரூமில் தனியாகச் சிரித்தேன். கூட இருப்பவர்கள் என்ன என்ன என்று கேட்டார்கள். நர்ஸ் என்றால் எனக்கு ஒரே ஒரு நோயாளிதான், அது நானேதான்! காலையில் வகுப்பு. பெரிய நட்சத்திரமானாலும் நேற்று சேர்ந்தவளானாலும் எல்லோரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு முழங்கால் மடக்குவதிலிருந்து தொடங்கவேண்டும். பிறகு ஒத்திகை, சாயங்காலம் ஆட்டம். நுனிக்காலில் நின்று ஆடுகிற செருப்பு புதுசில் மரக்கட்டை மாதிரி இருக்கும். கதவிடுக்கில் வைத்து நசுக்கி, சுவரில் அடித்து, ரிப்பனை நானே தைத்துக்கொள்வேன். ஒரே ஆட்டத்தில் அது பல்லிளித்துவிடும். விரல் தோல் கெட்டிப்பட ஸ்பிரிட், உரசாமல் இருக்கப் பஞ்சு, கிழிந்த இடத்துக்குப் பிளாஸ்திரி. வீட்டுக்கு வந்ததும் ஐஸ் தண்ணீர் வாளியில் கால். அப்புறம் படுத்துக்கொண்டு காலைச் சுவரில் சாய்த்துத் தூக்கி வைத்தால்தான் உயிர் வரும்.

செல்லியம்மா அக்காவிடம் சொல்லுங்கள்: கொஞ்ச நாள் கூடை தூக்கவேண்டாம். எண்ணெய் போட்டு நீவவேண்டாம். துணியில் ஐஸ் சுற்றி ஒத்தடம், காலுக்கு அடியில் தலையணை. வலி விட்டதும் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, குதிகாலை மெதுவாகத் தூக்கி நுனிக்காலில் நின்று, அதைவிட மெதுவாக இறங்கவேண்டும். தினமும். நானும் தினமும் அதைத்தான் செய்கிறேன்.

இப்போது உட்கார்ந்து படியுங்கள். எங்கள் கம்பெனி மெட்ராஸுக்கு வருகிறது! பிப்ரவரி 24, சனிக்கிழமை, மதிய ஆட்டம்! பதினோரு வயதில் கப்பல் ஏறினவள் நான், நைனா. நோட்டீஸ் போர்டில் மெட்ராஸ் என்று பார்த்ததும் அங்கேயே கத்திவிட்டேன். நீங்கள் இருவரும் வந்து பார்க்கவேண்டும். பார்த்தே ஆகவேண்டும்.

உங்கள்
விக்டோரியா

பொன்னேரி,
7.1.1973

அன்பு மகளுக்கு,

செல்லியம்மாள் நடக்கிறாள்! மீனுக்குப் போடும் ஐஸையே துணியில் கட்டி ஒத்தடம் கொடுத்தாள். வீடெல்லாம் கவிச்சி. இப்போது காலையில் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு ஏறி இறங்குகிறாள். அவளைப் பார்த்து இன்னும் நாலு பெண்கள் ஆரம்பித்துவிட்டார்கள். உன் பேரைச் சொல்லித்தான் தெருவே விடிகிறது.

நீ வருகிறாய் என்றதும் அம்மா அழுதுகொண்டே சிரித்தாள். அன்று காலையில் ஒரு கார் பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டுப் போ. லீவில் வந்தாய் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆட்டத்துக்கு மட்டும் என்னைக் கூப்பிடாதே.

கோபப்படாமல் கேள். என் அப்பா பண்ணையார் வீட்டு வாசலில் பறை அடிக்கப் போவார். சாவோ கல்யாணமோ, ஆள் விட்டால் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு ஓடவேண்டும். அவர்கள் சாய்ந்து உட்கார்ந்து பார்ப்பார்கள். முடிந்ததும் வாசலோடு அனுப்பிவிடுவார்கள். என் வீட்டு ஆள் இனி எவன் முன்னாலும் ஆடவோ அடிக்கவோ கூடாது என்றுதான் நான் எண்ணூரில் இரும்பு உருக்கப் போனேன். நீ ஆடுவதை லண்டனில் வைத்துக்கொண்டால் என்னால் தாங்க முடிகிறது. கண்ணெதிரே முடியாது.

நைனா

லண்டன்,
20.1.1973

அன்புள்ள நைனா,

கோபம்தான். ஒரு நாள் பூராவும் கோபமாக இருந்தேன். பிறகு உங்களை நினைத்து அழுதேன். இதுவரை நீங்கள் இதைச் சொன்னதே இல்லையே.

தாத்தாவை ஆள் விட்டு அழைத்தார்கள். என்னை அப்படி யாரும் அழைக்க முடியாது. எங்களுக்கு யூனியன் இருக்கிறது நைனா! உங்களுக்கு இருப்பது மாதிரியே! ஒத்திகை நேரம் தாண்டினால் ஓவர்டைம். அடிபட்டால் நஷ்டஈடு. போன குளிரில் ஒரு ஊரில் ஹால் ஐஸ்கட்டியாகக் கிடந்தது. ஹீட்டர் போடும்வரை கால் தூக்கமாட்டோம் என்று எல்லோரும் தரையில் உட்கார்ந்துவிட்டோம். முதலில் உட்கார்ந்தவள் உங்கள் மகள். பெரிய மனிதர்கள் வெளியே காத்திருந்தார்கள். நீங்கள் பட்டறையில் ஷிப்ட் பார்க்கிறீர்கள், நான் மேடையில் பார்க்கிறேன். உங்களுக்குக் கையில் தழும்பு, எனக்குக் காலில்.

காலையில் காரில் வரலாம்தான். ஆனால் நர்ஸாக நம் வீட்டுக்குள் நுழையமாட்டேன். முன்வரிசையில் இரண்டு இடம் உங்கள் பேரில் எடுத்து வைத்திருக்கிறேன். கவுண்டரில் கேட்டால் கொடுப்பார்கள். மறுநாள் விடிந்ததும் கல்கத்தா போய்விடுவோம். அந்த இரண்டு நாற்காலியைப் பார்த்துத்தான் ஆடுவேன்.

விக்டோரியா

பொன்னேரி,
27.2.1973

என் தங்கமே,

நாற்காலி காலியாக இருந்ததா? ஐயோ, நாங்கள் வந்தோம் மகளே! வந்தோம்!

நீ தரையில் உட்கார்ந்த கதையைப் படித்த பிறகு வராமல் இருக்க மனசு கேட்கவில்லை. மெட்ராஸில் உன்னைப் பார்க்கப் போகிறோம் என்று மட்டும்தான் சொன்னேன்; இரண்டு பேராக அல்ல, ஒரு பட்டாளமே வந்தோம். கும்மிடிப்பூண்டி பாசஞ்சரில் ஏறி உட்கார்ந்ததும் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன்: "எம் பொண்ணு நர்ஸ் இல்லம்மே. டான்ஸ் ஆடறா." செல்லியம்மாள்தான் கேட்டாள்: "அப்போ எங்காலுக்கு யாரு வைத்தியம் சொன்னது?" "அவ தன் காலுக்குச் செஞ்சிக்கிறதைத்தான் உனக்கும் எழுதினா" என்றேன். "அப்பிடின்னா அந்தக் காலை நான் பாத்தே ஆவணும்" என்று புடவையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

கவுண்டரில் உன் டிக்கெட்டை வாங்கினேன்; மற்றவர்களுக்கு மாடியில்தான் டிக்கெட் கிடைத்தது. "நீங்க ரெண்டு பேரும் சோபாவுல, நாங்க மாடியிலயா?" என்றார்கள். அதுவும் நியாயம்தானே. எல்லோருமாக மாடிக்கே போய்விட்டோம். உன் டிக்கெட் இரண்டும் என் சட்டைப்பையில்தான் இருந்தன.

திரை விலகியது. நீ நுனிக்காலில் எழுந்து நின்றாய். "அய்யே, இது நான் பண்ற எக்சர்சைசுடா!" என்று செல்லியம்மாள் கத்தினாள். திரும்பி முறைத்தவர்களை அவள் திருப்பி முறைத்தாள். அம்மா கை குவித்தபடியே இருந்தாள். எனக்கு உன் முகம் தெரியவில்லை, கால்தான் தெரிந்தது. அந்தக் கால் யாருக்கும் பயந்த கால் இல்லை. யாரும் சாய்ந்து உட்காரவும் இல்லை. முடிந்ததும் எழுந்து நின்று கை தட்டினார்கள். நானும் நின்றேன். என் அப்பாவுக்கு இப்படி ஒருவனும் எழுந்து நின்றதில்லை.

அப்புறம்தான் முட்டாள்தனம். ஷிப்ட் முடிந்தால் மெயின் கேட் வழியாகத்தானே வருவார்கள்? கேட்டிலேயே வரிசையாக நின்றோம், மல்லிப்பூவோடு. கூட்டம் கலைந்த பிறகு வாட்ச்மேன் சொன்னான், "அவங்க எல்லாம் பின்பக்கமா பஸ்ல போயாச்சு பெரிசு." பூவைக் கேட்டிலேயே மாட்டிவிட்டு வந்தோம்.

வீட்டுக்கு வந்ததும் பிரேமைக் கழற்றி மடிப்பைப் பிரித்துவிட்டேன். பழைய பிரேம் போதவில்லை. ஆசாரியிடம் பெரிதாகச் சொல்லியிருக்கிறேன். நடுவில் மடித்த கோடு மட்டும் போகவில்லை. எவ்வளவு தேய்த்தும் போகவில்லை.

உன் நைனா

லண்டன்,
14.3.1973

என் நைனா,

காலியாகத்தான் இருந்தன. அழுதுகொண்டே ஆடினேன். பஸ்ஸில் ஏறும்போது வாசல் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. உங்கள் கடிதத்தை நேற்று ஒத்திகைக்கு நடுவில் படித்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். மறுபடியும் ஸ்டிரைக் போலிருக்கிறது என்று எல்லோரும் என்னோடு உட்கார்ந்துவிட்டார்கள்!

கோடு இருக்கட்டும். தேய்க்காதீர்கள்.

ஜூலையில் லீவு. டிக்கெட் எடுத்தாயிற்று. செல்லியம்மா அக்காவின் கதவு நிலையில் எனக்கும் ஒரு இடம் வேண்டும், லீவிலும் வகுப்பை விட முடியாது. பாசஞ்சரிலேயே வருகிறேன். பொன்னேரி ஸ்டேஷனில் எந்த கேட்டில் நிற்பீர்கள் என்று முன்கூட்டியே எழுதிவிடுங்கள். நான் அந்த கேட் வழியாகத்தான் வருவேன்.

விக்டோரியா