உன் செவ்வந்திக்காக அணைக்க வேண்டிய விளக்கு

இன்று காலை என் மோட்டார் சைக்கிளின் நிழலில் ஒளிந்து நின்ற தொட்டியில் ஒரு செவ்வந்தி மொட்டைப் பார்த்தேன். காலம் தப்பி வந்த மொட்டு, கிள்ளிப் போட்டேன். விரலில் அந்தக் கசப்பு வாசம் ஏறிக்கொண்டது. கேண்டீனில் நீ சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போதெல்லாம் உன் விரலில் வருமே, அதே வாசம். நீ கண்ணை மூடி ஒன்றரை வருடம் ஆகிறது, தோழி.

உன் மகள் பவித்ராவின் கல்யாண மாலை உன் வீட்டுப் பூவில்தான் என்று நீ என் காதில் மட்டும்தான் சொன்னாய். நாம் வேலை பார்த்த செனாவாங் தொழிற்சாலை முழுக்கப் பரப்பியது நான். கோலா சாவாவில் இருக்கும் சம்பந்தி வீடு வரைக்கும் செய்தி போய்விட்டது. கல்யாணத்துக்கு இன்னும் நான்கு மாதம் இருந்தது. அப்போது பார்த்து உன் செடிகள் எல்லாம் ஒரு சாண் உயரத்திலேயே மொட்டு விட்டன.

"வளரவே இல்ல, அதுக்குள்ள பூக்க வந்துருச்சு பாரு!" என்று தலையில் கை வைத்தாய். பிறகு மதிலுக்கு இந்தப் பக்கம், என் வாசலைப் பார்த்தாய். உன்னிடம் கிளை வாங்கி நான் நட்ட செடிகள் மொட்டே இல்லாமல் இடுப்பளவு நின்றன. "நீதான்டி தினமும் வந்து 'ஐயோ அழகு, அழகு'ன்னே. கண்ணு வச்சிட்ட."

"கண்ணு வைக்க உன் வீட்டுல என்னடி இருக்கு?" என்றேன். மூன்று நாள் பேச்சு இல்லை. உன் கிரில் கதவில் எலுமிச்சையும் மிளகாயும் தொங்கின, என் வீட்டைப் பார்த்தபடி.

நான்காம் நாள் நீயே மதிலோரம் வந்தாய். "உன் வாசல் லைட் ஏன் விடிய விடிய எரியுது?"

வேறு வழியில்லாமல் ஒப்புக்கொண்டேன். "பேய் பயம்லா."

இந்த வயதிலா என்று நீ சிரித்த சிரிப்பில் மூன்று வீட்டு நாய்கள் குரைத்தன. சிரிப்பு சட்டென்று நின்றது. "நைட் ஷிப்ட் போனப்ப நானும் லைட்டப் போட்டுட்டுத்தான் போவேன். மார்னிங் ஷிப்ட் மாறுனதுலேருந்து அணைச்சிடறேன். கேமரன்மலை பூந்தோட்டத்துல ராத்திரி பூரா லைட் எரியுமே, அழகுக்குன்னு நெனச்சேன்லா!"

நீண்ட இருட்டு கிடைத்ததும், பூக்கும் காலம் வந்துவிட்டது என்று செடி நம்பிவிட்டது. பழி என் கண்ணில் விழுந்தது. நீ மன்னிப்புக் கேட்கவில்லை. மிளகாயை மட்டும் கழற்றிச் சம்பலுக்கு அரைத்தாய்.

இரண்டு பேரும் உட்கார்ந்து எல்லா மொட்டையும் கிள்ளினோம். "மனசு வலிக்குதுடி" என்றாய், ஆனால் கை நிற்கவில்லை. ஆட்டு எரு போட்டு, இரண்டு மாதம் விளக்கை எரியவிட்டாய். கிள்ளிய இடமெல்லாம் கிளை வெடித்தது. கல்யாணத்துக்கு இரண்டு மாதம் இருக்கும்போது விளக்கை அணைத்தாய். என்னையும் அணைக்கச் சொன்னாய். நான் மாட்டேன் என்றதும் என் தொட்டிகளையும் உன் வாசலுக்குத் தூக்கிப் போனாய், என்னைக் கேட்காமலே.

இரண்டு மாலைக்கும் பூ போதுமானதாக இருந்தது. மாப்பிள்ளை தும்மிக்கொண்டே தாலி கட்டினார். நீ என்னைப் பார்த்துக் கண்ணடித்தாய்.

நேற்று பவித்ரா போன் பண்ணினாள். "ஆன்ட்டி, இன்னும் ரெண்டு மாசத்துல வளைகாப்பு. அம்மா செடி பூக்குமா?" யோசிக்கும் முன்பே என் வாய், "கூடை கூடையா பூக்கும்லா" என்று சொல்லிவிட்டது. என் வாயைத்தான் உனக்குத் தெரியுமே.

உன் செடிகள் எல்லாம் இப்போது என் வாசலில்தான் இருக்கின்றன, என் விளக்கின் கீழ், இடுப்பளவு, மொட்டில்லாமல். தூக்கிப் போக உன் வாசலும் இல்லை. அங்கே குடிவந்தவர்கள் பந்து விளையாடலாம் போல வெளிச்சம் போட்டிருக்கிறார்கள்.

ஆகவே இன்றிலிருந்து பொழுது சாய்ந்ததும் என் விளக்கை அணைக்கப் போகிறேன். இருட்டில் யாராவது வந்து நின்றால் அது நீயாகத்தான் இருக்கும். வா, செடியைப் பார். சுவிட்சை மட்டும் தொடாதே.