வயிறும் சோதனைச் சாவடியும்

யூன் 3, திங்கள்

விடியவிடிய மழை. காய்ச்சல் விட்டு இன்றோடு ஆறு கிழமை, நாற்பத்திரண்டு நாள். வைரஸ் என்றார்கள். நாலு நாள் வாந்தி, வயிற்றோட்டம், பிறகு சுகம். வயிற்றுக்கு மட்டும் சுகமில்லை.

தங்குபவை: சோற்றுக் கஞ்சி, அவித்த வாழைக்காய், வெறுந்தேத்தண்ணி.
தங்காதவை: பருப்பு, பாண், மாப்பால் விட்ட தேத்தண்ணி. மற்றதெல்லாம் சந்தேகம்.

பாடசாலை நாட்களில் ஒன்றும் சாப்பிடாமலே பஸ் ஏறுகிறேன். மடவளையிலிருந்து கண்டி அரை மணித்தியாலம்தான். ஆனால் கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில் சோதனைச் சாவடி. எல்லோரும் இறங்க வேண்டும். அடையாள அட்டையில், என்னுடையதைப்போல, யாழ்ப்பாணம் என்றிருந்தால் தனி வரிசை. சில நாள் ஐந்து நிமிடம், சில நாள் ஒரு மணித்தியாலம். அங்கே கக்கூசு இல்லை.

நான் வாடகைக்கு இருக்கும் வீட்டுக்காரி ஹாஜரா தாத்தா படியில் மறித்தார். (இங்கே முஸ்லிம் வீடுகளில் அக்காவைத் தாத்தா என்பார்கள்.)

"என்ன டீச்சர், இண்டைக்கும் வெறும் வயித்தோடயா? ஒரு வாய் திண்டுட்டுப் போங்களே."

"நேரம் போட்டுது தாத்தா."

பொய். நேரம் இருந்தது.

யூன் 4, செவ்வாய்

பத்தாம் வகுப்பில் தேற்றம் எழுதும்போது கண் இருட்டியது. கரும்பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கடைசி வாங்கிலிருந்து ஒரு குரல்: "மிஸ்ஸுக்குப் பிள்ளை வரப்போகுதோ?" கலியாணமே ஆகவில்லை. சிரிப்புத்தான் வந்தது.

அதிபர் கூப்பிட்டு, லீவு போட்டு ஊருக்குப் போய் ஆறுதலாக இரும் என்றார். சண்டையால் யாழ்ப்பாணப் பாதை பூட்டிக் கிடப்பது அவருக்கும் தெரியும். வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டார். பிறகு அவரே தலையைக் குனிந்துகொண்டார்.

அம்மாவுக்குக் கடிதம். "நல்லாச் சாப்பிடுறன். கொஞ்சம் பருத்திட்டன்." எப்போது போய்ச் சேருமோ.

யூன் 5, புதன்

டொக்டர். ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து படித்து வந்தவர். நிறை 41 கிலோ. காய்ச்சலுக்கு முன் 48.

"வைரஸ் எப்பவோ போயிருச்சுங்க. ஒங்க குடலுக்குத்தான் அது இன்னும் தெரியல. பால நிறுத்துங்க, ஒரு மாசத்துக்கு. கொஞ்சங் கொஞ்சமா அடிக்கடி சாப்பிடுங்க."

"காலமை சாப்பிட ஏலாது டொக்டர். செக் பொயின்ற்றில நிக்கோணும்."

பேனையை வைத்தார். "அப்ப வியாதி பாதி, பயம் பாதி."

"ஓம். ரெண்டும்தான்."

"பட்டினி கெடந்தா ரெண்டுமே கூடுங்க."

உப்பும் சர்க்கரையும் கலந்த தூள், ஆறு பக்கெற் தந்தார். தண்ணீரில் கரைத்துக் குடிக்க.

யூன் 6, வியாழன்

சாவடியில் என் பையைக் கிளறிய பெண் பொலிஸ் பக்கெற்றுகளை வெளியே எடுத்தாள். ஒன்றைக் கிழித்தாள். வெள்ளைத் தூள்.

"மேக்க மொக்கத?" இது என்ன?

வயிற்றுக்கு மருந்து என்று என் அரைகுறைச் சிங்களத்தில் சொன்னேன். நம்பவில்லை. குடித்துக் காட்டு என்றாள். போத்தல் தண்ணீரில் கரைத்து முழுவதும் குடித்தேன். வரிசை முழுக்கப் பார்த்துக்கொண்டு நின்றது.

வெறும் வயிறு. கால் மணித்தியாலம் போகவில்லை, முறுக்கத் தொடங்கிவிட்டது. கக்கூசு கேட்க வெட்கம். கேட்டேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். துவக்கைத் தோளில் மாட்டிக்கொண்டு, தெருவுக்கு அந்தப் பக்கம் ஒரு வீட்டுக்குக் கூட்டிப் போனாள். கதவுக்குக் கீழே அவளுடைய சப்பாத்துத் தெரிந்தது. இருபது வயதிருக்கும்.

வெளியே வந்ததும் கை கழுவத் தண்ணீர் ஊற்றினாள். போன வருஷம் தங்கள் முகாமிலும் எல்லோருக்கும் இதே வயிற்று வருத்தம் என்றாள். அட்டையைத் திருப்பித் தந்தாள். பஸ் போய்விட்டது.

பாடசாலை வாசலில் அழுகை. முகம் கழுவிவிட்டு வகுப்புக்குப் போனேன். எதற்குப் பயந்து ஆறு கிழமை பட்டினி கிடந்தேனோ, அது நடந்து முடிந்துவிட்டது. நான் செத்துப் போகவில்லை.

யூன் 7, வெள்ளி

ஹாஜரா தாத்தாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நெஞ்சில் கை வைத்தார்.

"அல்லாஹ்வே, இத முந்தியே செல்லீந்தா! பாலத்துக்கிட்ட எங்கட மச்சான்ட தையல் கடை ஈக்கி. பின்னுக்குக் கக்கூசும் ஈக்கி. நான் செல்லி வைக்கிறன். வெக்கப்படாம போங்க."

இரண்டு வருஷமாக அந்தக் கடையைத் தாண்டித்தான் போகிறேன்.

யூன் 10, திங்கள்

வெயில். காலை இரண்டு இடியப்பம், தாத்தாவின் கண் முன்னால். சாவடி: பத்து நிமிடம். தையல் கடைக்காரர் தலையாட்டினார். கடைக்குள் போகத் தேவை வரவில்லை. இடைவேளையில் பிஸ்கட் மூன்று, மத்தியானம் கஞ்சி.

திரும்பும்போது நீண்ட வரிசை. முன்னால் ஒரு குடும்பத்தின் பெட்டிகளை ஒவ்வொன்றாகத் திறந்தார்கள். முக்கால் மணித்தியாலம். வயிற்றில் ஏதோ கிண்டியது. கடையிருந்த பக்கம் பார்த்தேன், எத்தனை அடி என்று. வலி வருமென்று காத்து நின்றேன். வரவில்லை.

பசி. வெறும் பசி.