ஊசியோடு எழுதிய மாத்திரை

கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும் உன் வெந்நீர்ப் பையை இன்று காலை கழுவினேன். ஓட்டை விழுந்தபோது ஷூ ஒட்டும் சொல்யூஷன் தடவி ஒட்டினேனே, அந்த நெடி இன்னும் போகவில்லை. மூக்கைப் பொத்திக்கொண்டே வயிற்றில் வைத்துப் படுப்பாய். மாதாமாதம் நீ சுருண்டு கிடந்ததற்கு நான் செய்த ஒரே வைத்தியம் அந்த ஒட்டு. "எல்லாப் பொம்பளைங்களுக்கும் வர்றதுதானே" என்று சொன்ன மேதாவியும் நான்தான்.

அந்த வலிக்குப் பெயர் இருக்கிறதாம். எண்டோமெட்ரியோசிஸ். நீ கண்ணை மூடிய பிறகு நம் பெண்ணுக்கும் அதே வலி வந்து, வேலூரில் காட்டியபோதுதான் தெரிந்தது. மாதம் ஒரு ஊசி, தினம் ஒரு மாத்திரை. ஊசி போட்டதும் வலி அடங்கி, கம்பெனி பஸ்ஸுக்கு ஓட ஆரம்பித்தாள்.

மாத்திரையில்தான் என் மூளை வேலை செய்தது. ஹார்மோனை அடக்க ஊசி. கூடவே ஹார்மோன் மாத்திரையா? எட்டாவது படித்த எனக்கே தெரிகிற தப்பு டாக்டருக்குத் தெரியவில்லையே என்று வாங்காமல் விட்டேன். "டாக்டரம்மாவக் கேட்டுட்டேம்மா, வேணாமாம்" என்று அவளிடம் புளுகினேன்.

ஆறு மாதம் கழித்து எலும்பு ஸ்கேன் எடுத்தார்கள். ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டரம்மா, "மாத்திரை ஒழுங்கா சாப்பிடுறியா?" என்றார்.

"நீங்கதான் வேணாம்னு சொன்னீங்களாமே, மேடம்?"

இருவரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஊசி வலியை அடக்கும், ஆனா எலும்பை இளைக்க வைக்கும். எலும்பைத் தாங்கத்தான் அந்தக் கொஞ்சூண்டு ஹார்மோன் மாத்திரை" என்றார் டாக்டரம்மா. கோபப்பட்டிருந்தால் தேவலை.

அப்போது உன் குரல்தான் கேட்டது. ஒருநாள் தோல் பதனிடும் ஷாப்புக்குச் சோறு கொண்டுவந்த நீ, தோல் ஊறும் டிரம்மில் நான் ஆசிட் ஊற்றியதையும் பிறகு சோடாக் கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டதையும் பார்த்துச் சிரித்தாய். "இன்னாங்க, ஊத்துறதும் நீங்களே, முறிக்கிறதும் நீங்களே. இதுக்குச் சம்பளம் வேறயா?" ஆசிட் இல்லாமல் மருந்து தோலுக்குள் இறங்காது, சோடா இல்லாமல் உள்ளே நிற்காது என்று வாத்தியார் மாதிரி விளக்கினேன். முப்பது வருஷம் அதையே செய்தவனுக்கு ஒரு மருந்துச் சீட்டு புரியவில்லை.

வேலூரிலிருந்து திரும்பும் பஸ்ஸில், மாதனூர் தாண்டியதும் நம் பெண் கேட்டாள்.

"அப்பா, ஷாப்புல என்னிக்காவது சோடாவ நீயா நிறுத்தியிருக்கியா?"

"அய்யோ, அத்தனை தோலும் வீணாப்பூடும்மா. மேஸ்திரி சும்மா வுடுவாரா?"

"தோலுக்குப் பயப்படுற. எனக்குப் பயப்படல, இல்ல?"

ஆம்பூரில் இறங்கியதும் நேரே மருந்துக் கடைக்குப் போய் அந்த மாத்திரையை வாங்கினேன்.

ஊசியை நிறுத்திய பிறகு எலும்பு பெரும்பாலும் தேறிவிடுமாம். அந்தப் 'பெரும்பாலும்' முள்ளாகக் குத்துகிறது. அடுத்த ஸ்கேனுக்கு இன்னும் மாதங்கள் இருக்கின்றன. அவள் மாடிப்படியில் தடதடவென்று இறங்கினால், விழுந்து எலும்பை முறித்துக்கொள்வாளோ என்று கீழே ஓடிப்போய் நிற்கிறேன். காலையில் மாத்திரையை நீட்டுகிறேன். விழுங்கிவிட்டு, "பாத்துக்க சார்" என்று வாயைத் திறந்து காட்டுகிறாள். மன்னித்துவிட்டாளா, தெரியவில்லை.

உன்னிடம் ஒருநாளும் கேட்காததை அவளிடம் தினமும் கேட்கிறேன்: "வலிக்குதாம்மா?"

"இல்லப்பா" என்கிறாள்.

கேட்டிருந்தால் நீயும் அதையேதான் சொல்லியிருப்பாய். அதனால்தான், அவள் சொல்லாவிட்டாலும் கைக்கு எட்டட்டும் என்று, பையைத் துடைத்து மறுபடியும் அதே ஆணியில் மாட்டியிருக்கிறேன்.