உன் கைக்கேற்ற சொரசொரப்பு

இன்று மத்தியானம் தபாலில் ஒரு சின்னப் பெட்டி வந்தது. பிரித்ததும் மரத்துக்குப் பூசும் எண்ணெயின் மணம் சமையலறை முழுக்கப் பரவியது. உள்ளே உன் துப்பாக்கிக்கு முதலில் செய்த கைப்பிடி, இரண்டு பாதிகளாக. அதைச் செய்த பட்டறையில் மேசை லாச்சிக்குள் கிடந்ததாம். உன் விலாசத்தில் இப்போது யாரும் இல்லை என்பதால் எனக்கு அனுப்புவதாகப் பட்டறைக்காரர் ஒரு வரி எழுதியிருந்தார்.

சுவிஸில், கூர் நகரத்தில், ஒரே முதியோர் இல்லத்தில் வேலை செய்தோம். நீ பராமரிப்பில், நான் சலவையில். பதினேழு வருடம் ஒரே பஸ்ஸில் போய்வந்தோம். சுவிஸ் பாஸ்போட் கிடைத்த வருடமே நீ துப்பாக்கி சுடும் கழகத்தில் சேர்ந்தாய். எங்கள் ஆட்கள் பலதும் கதைத்தார்கள். எனக்கும் விளங்கவில்லை. வெடிச் சத்தத்துக்குப் பயந்து ஓடிவந்தவள் சனிக்கிழமைகளில் அதைத் தேடிப் போவது ஏன் என்று கேட்டேன்.

"இவ்வளவு காலமும் ஆரோ சுட நான் திடுக்கிட்டனான். இது எப்ப கேக்கும் எண்டு எனக்கு முதலே தெரியும். அதுதான்," என்றாய்.

பிறகு உன் மார்பில் கட்டி வந்தது. கீமோ கட்டியைக் கொஞ்சம் கரைத்தது. விரல்களின் உணர்வையும் கொண்டுபோனது. சுட்டுவிரல் மட்டும் ஓரளவு தப்பியிருந்தது. சட்டைப் பொத்தானைப் பூட்டச் சிரமப்பட்ட நீ, கையிலிருந்து நழுவாத கைப்பிடி ஒன்றைச் செய்விக்கப் புறப்பட்டாய். என்னையும் கூட்டிப் போனாய்.

பட்டறைக்காரர் மாதிரிக்கு மூன்று வால்நட் மரத் துண்டுகளை எடுத்து வைத்தார். உன் துப்பாக்கி பக்கத்தில் கிடந்தது. என்னிடம் இன்னும் இலங்கைப் பாஸ்போட்தான்; இந்த நாட்டுச் சட்டப்படி துப்பாக்கியைத் தொட எனக்கு அனுமதியில்லை, விருப்பமும் இல்லை. மரத்தைத் தொடலாம்.

"என்ர கைக்கு ஒண்டும் தெரியேல்லை. நீ தடவிப் பாத்துச் சொல்லு."

"முதலாவது சவர்க்காரக் கட்டி மாதிரி வழுக்குது."

"வேண்டாம். மற்றது?"

"சின்னச் சின்னக் கட்டமாக் கீறியிருக்கு. முகம் துடைக்கிற துவாய் மாதிரி."

மூன்றாவது, புள்ளி புள்ளியாகக் கொத்திய துண்டு. உள்ளங்கையை அழுத்தினேன். பூனையின் நாக்கு நினைவுக்கு வந்தது. உனக்கு வேண்டியது அதுதான் என்று அந்தக் கணமே தெரிந்தது. ஆனால் தோல் உரிந்து சிவந்திருந்த உன் கையைப் பார்த்தேன்.

"இது கூடாது. கையைக் கிழிச்சுப்போடும்," என்றேன்.

நீ நம்பினாய். இரண்டாவது மாதிரியில் செய்யச் சொன்னாய்.

அந்தக் கைப்பிடி வந்த சனிக்கிழமை, கழகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு வெடிக்கும் பிடி விலகியது. நீ நிறுத்தி, மறுபடி பிடித்து, மறுபடி நிறுத்தினாய். பாதியிலேயே துப்பாக்கியைப் பெட்டிக்குள் வைத்துவிட்டாய். திரும்பும் பஸ்ஸில் உண்மையைச் சொன்னேன்.

நீ யன்னலைப் பார்த்தபடி இருந்தாய். "எனக்கு நோகக்கூடாது எண்டு நினைச்சனி. ஆனா உன்ர கையை நம்பித்தானேடி கேட்டனான்."

ஒரு வாரம் என்னோடு கதைக்கவில்லை. பஸ்ஸில் முன்னுக்குப் போய் இருந்தாய். எட்டாம் நாள் பக்கத்தில் வந்து அமர்ந்தாய்.

"நாளைக்குப் பட்டறைக்குப் போறன். வாறியோ?"

புதிய கைப்பிடி உன் உள்ளங்கையைக் கொஞ்சம் கிழிக்கத்தான் செய்தது. சிவந்த கோடுகளை என்னிடம் காட்டிச் சிரித்தாய். "எனக்கு நோகுது. கைக்குத் தெரியுதே," என்றாய். அந்த இலையுதிர் காலத்தில் ஒரு நாள் பத்துத் தோட்டாக்களும் கறுப்பு வட்டத்துக்குள் விழுந்தன. பனி தொடங்கியபோது நீ படுக்கையிலிருந்து எழும்பவில்லை. தை மாதம் போய்விட்டாய். துப்பாக்கி கழகத்துக்குப் போனது.

இப்போதும் அதே பஸ்தான். பக்கத்து இருக்கையில் என் பையை வைத்துக்கொள்கிறேன். வேலையில் யார் சுகம் கேட்டாலும் நல்ல சுகம் என்கிறேன். உள்ளதை உள்ளபடி சொல்வதை உன்னிடமிருந்து எடுத்துக்கொண்டேன் என்றுதான் நினைத்திருந்தேன். அது எனக்கு இன்னும் சரியாகக் கைவரவில்லை. போன ஞாயிறுதான் முதன்முதலாக முடிந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து தங்கச்சி போன் எடுத்து, வழமைபோல, "சுகமோ அக்கா?" என்றாள்.

"இல்லையடி. கதைக்க ஒருத்தரும் இல்லாமல் இருக்கிறன்."

அந்தப் பக்கம் ஏதோ கொதிக்கும் சத்தம் கேட்டது.

"போனை வையாதேங்கோ அக்கா," என்றாள். "அடுப்பை நிப்பாட்டிப்போட்டு வாறன்."